மலைக்கும் ஊருக்கும் ஒரே சோப்புப் பதம் ஆகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வண்ண அலை போட்ட கைச்சோப்பு பற்றித் தாங்கள் வெளியிட்ட செய்முறையில் ‘நன்றாகக் கெட்டியாகும் வரை கலக்கவும்’ என்று ஒரு வரி இருந்தது. அந்த ஒரு வரியே அலையைக் கெடுக்கப் போதும். கெட்டிப்பட்ட கலவையில் கம்பி இழுத்தால் கோடு ஓடாது, திட்டுத் திட்டாகத்தான் நிற்கும்.

ஒரு கிலோ எண்ணெய்க்குக் கணக்கு இது: கடலை எண்ணெய் 600 கிராம், தேங்காய் எண்ணெய் 300, விளக்கெண்ணெய் 100, காஸ்டிக் சோடா 142 கிராம், தண்ணீர் 284. ஐந்து சதவீத எண்ணெய் சோடாவில் சேராமல் மிஞ்சும். தேங்காய் எண்ணெய் சோடாவை அதிகம் இழுக்கும் என்பதால், எண்ணெய் அளவை மாற்றினால் சோடாவையும் புதிதாகக் கணக்கிட வேண்டும். எல்லாமே தராசில்தான், டம்ளர் அளவு உதவாது. தண்ணீரில்தான் சோடாவைப் போட வேண்டும். மாற்றிச் செய்தால் பொங்கித் தெறிக்கும். கையுறையும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கட்டாயம். அலுமினியப் பாத்திரம் அறவே கூடாது.

பதம் இப்படி: சோடா கரைத்த தண்ணீரை எண்ணெயில் சேர்த்து, பிளெண்டரை ஐந்து நொடி ஓட்டி நிறுத்தி, கரண்டியால் கிண்டிப் பார்க்க வேண்டும். மேலே எண்ணெய்க் கோடு மறைந்து, நீர்க்கக் கரைத்த ரவா தோசை மாவு போல ஓடினால் போதும். உடனே பாதியை வெள்ளைக்கு வைத்துவிட்டு, மீதியை இரண்டாகப் பிரித்து நிறம் சேர்க்கலாம். நிறத்தை முன்பே ஒரு ஸ்பூன் எண்ணெயில் குழைத்து வைக்காவிட்டால் கட்டி கட்டியாகத் தெரியும். கரித்தூள் அரை ஸ்பூன் போதும். மஞ்சள்தூள் முதலில் சிவந்து, பிறகு கடுகு நிறத்துக்குத் திரும்பி, வெயில் பட வெளுக்கும். செம்பருத்தி, பீட்ரூட்டை நம்ப வேண்டாம், சோடாவில் பழுப்பாகிவிடும்.

நிறங்களை மாற்றி மாற்றி அடுக்கடுக்காக ஊற்றி, மோல்டின் (சோப்பு அச்சின்) நீளத்துக்கு வளைத்த ஹேங்கர் கம்பியை (அலுமினியக் கம்பி இதற்கும் ஆகாது) ஓரமாக அடிவரை இறக்கி, நகர்த்தி, மேலே தூக்க வேண்டும். மூன்று நான்கு சுற்று போதும். ஆசைப்பட்டு மேலும் சுற்றினால் எல்லாம் சாம்பல் நிறமாகும்.

இனி ஊர் விஷயம். சேலத்தில் சித்திரை வெயிலில் கலவை சீக்கிரம் இறுகும். சோடாத் தண்ணீரை முழுக்க ஆறவிட்டே சேர்க்க வேண்டும். ஊற்றிய மோல்டைப் போர்த்தக் கூடாது. அடியில் இரண்டு குச்சி கொடுத்து மின்விசிறிக் காற்றில் வைக்கலாம். இல்லாவிட்டால் நடுவில் மட்டும் சூடேறி, வெட்டும்போது கருத்த வட்டம் தெரியும், மேலே வெடிப்பும் விழும்.

ஏற்காட்டில் மார்கழியில் சிக்கல் நேர்மாறு. தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைவதால், கலவை இறுகியதுபோல ஏமாற்றும். அது சோப்புப் பதமல்ல. மோல்டில் சூடேறியதும் உறைந்த எண்ணெய் உருகி, சோடாத் தண்ணீர் தனியே கசியும். அங்கே எண்ணெயும் சோடாத் தண்ணீரும் 40 டிகிரியில் சேர வேண்டும், மோல்டைக் கம்பளியால் போர்த்தவும் வேண்டும். மேலே வெள்ளைப் பொடி பூத்தால் ஆவி காட்டித் துடைத்துவிடலாம்.

வாசனை எண்ணெய் கிலோவுக்கு 20 கிராம் போதும். ஏற்காட்டுக் கடைகளில் கிடைக்கும் யூகலிப்டஸ் எண்ணெய் கலவையைச் சீக்கிரம் இறுக்காது. கிராம்பு எண்ணெய் நொடியில் இறுக்கிவிடும். அலை போடும் நாளில் அதைத் தொடவே வேண்டாம். வெனிலா வாசனை சேர்த்தால் வெள்ளைப் பகுதி சில நாளில் காபி நிறத்துக்கு வந்துவிடும்.

இப்படிக்கு,
கைச்சோப்பு செய்வோர் சிலர்,
சேலம்.