செயலாளரின் ஆண்டறிக்கை 2024–25: சிறப்புப் பள்ளிகளின் நிதியும் விதிகளும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, சிறப்பாசிரியர்களே, பெற்றோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

மாவட்டத்தில் சிறப்புப் பள்ளிகளையும் பகல்நேர மையங்களையும் நடத்தும் தன்னார்வ அமைப்புகளின் சங்கம் நம்முடையது. 2024–25ஆம் ஆண்டின் செயல்பாடுகளை இந்தப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். செயற்குழுக் கூட்டங்கள் துணைவிதிப்படி நடந்தன. சந்தா பெரும்பாலும் வசூலாகிவிட்டது. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். எந்தக் கூட்டத்தில் எதைப் பேசத் தொடங்கினாலும் கடைசியில் ஆசிரியர் சம்பளத்தில்தான் வந்து நின்றோம். அதனால் இந்த அறிக்கையும் பெரும்பாலும் அதைப் பற்றியே இருக்கும்.

சிறப்பாசிரியர் நியமனம் குறித்த ரஜனீஷ் குமார் பாண்டே வழக்கில் 2021 அக்டோபர் 28 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு நமக்கெல்லாம் தெரியும். மூளை முடக்குவாதம் உள்ள 8 குழந்தைகளுக்கு ஓர் ஆசிரியர்; அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம் உள்ளவர்களில் 5 பேருக்கு ஒருவர்; பார்வையும் செவித்திறனும் சேர்ந்து பாதிக்கப்பட்டவர்களில் 2 பேருக்கு ஒருவர் என்ற விகிதங்கள் அதில் இருக்கின்றன. வகுப்பறையில் ஒரு காலைப்பொழுது இருந்து பார்த்தவர்கள் இதை அதிகம் என்று சொல்லமாட்டார்கள். வெளியே ஹாரன் சத்தம் கேட்டதும் காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கடியில் போய்விடும் பையன் ஒருவன் நம் உறுப்பினர் பள்ளியில் இருக்கிறான். ஆசிரியர் தானும் தரையில் உட்கார்ந்து, பேசாமல் காத்திருந்து, அவன் கையை நீட்டும்போதுதான் வெளியே அழைத்து வர முடியும். அதுவரை மற்ற நான்கு குழந்தைகளை யார் பார்ப்பது? அந்த விகிதத்தின் நியாயம் அங்கே தெரிகிறது.

அதே வழக்கில் 2025 மார்ச்சில் வந்த உத்தரவு, பொதுப் பள்ளிகளில் சிறப்பாசிரியர் பணியிடங்களை முறையாக அறிவிக்குமாறு மாநிலங்களுக்குச் சொன்னது. இதை நம் சங்கம் மனதார வரவேற்கிறது. சாதாரணப் பள்ளியில் படிக்கும் மாற்றுத்திறனாளிக் குழந்தைக்கு நிரந்தரச் சிறப்பாசிரியர் கிடைப்பது நாம் எல்லோரும் விரும்பியதுதான். ஆனால் அந்தப் பணியிடங்களுக்குப் போகப்போகிறவர்கள் யார்? ஆர்.சி.ஐ. எனும் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தின் பதிவு எண்ணும், சிறப்புக் கல்வியில் பட்டமோ பட்டயமோ, பல ஆண்டு அனுபவமும் உள்ள நம் ஆசிரியர்களேதான். அவர்கள் போவதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. குறைந்த ஊதியத்தில் பத்து வருடம் உழைத்தவருக்கு ஓய்வுக்காலப் பாதுகாப்போடு வேலை கிடைத்தால் வாழ்த்தித்தான் அனுப்பவேண்டும். இந்த ஆண்டு அப்படி ஒருவரை வாழ்த்தி அனுப்பினோம். அவரிடம் படித்த சிறுமி பேசமாட்டாள். தாகம், கழிப்பறை, வீடு என்று பட அட்டைகளைத் தொட்டுக் காட்டப் பழகியிருந்தாள். புதிய ஆசிரியர் வந்தபின் பல வாரங்கள் அவள் அட்டைப் பக்கமே திரும்பவில்லை. பழைய ஆசிரியர் ஒரு சனிக்கிழமை வந்து இருவரோடும் உட்கார்ந்த பிறகுதான் கொஞ்சம் வழிக்கு வந்தது. ஆசிரியர் மாறும்போது குழந்தை இழப்பது எந்தப் படிவத்திலும் பதிவாவதில்லை.

சரி, ஆசிரியரைத் தக்கவைக்கப் பணம் எங்கிருந்து வரும்? மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இன் 31ஆம் பிரிவு, குறிப்பிட்ட அளவு குறைபாடு உள்ள 6 முதல் 18 வயது வரையிலான ஒவ்வொரு குழந்தைக்கும் அருகமைப் பள்ளியிலோ, விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி உரிமை என்கிறது. அருமையான பிரிவு. ஆனால் அந்தக் கல்வியைத் தரும் தன்னார்வப் பள்ளிக்குச் செலவை ஈடுசெய்வது பற்றி அதில் எதுவும் இல்லை. 50ஆம் பிரிவின்படி பதிவுச் சான்றிதழ் இல்லாமல் நிறுவனம் நடத்தக்கூடாது. பதிவு பெற்ற நிறுவனத்துக்கு நிதியுதவி தருவதைச் சொல்லும் 55ஆம் பிரிவோ, அரசின் பொருளாதார வசதிக்கு உட்பட்டது என்று நிறுத்திக்கொள்கிறது. ஆக, பள்ளியின் கடமை உறுதியாக இருக்கிறது, பள்ளிக்கான பணம் உறுதியாக இல்லை.

மத்திய அரசின் தீனதயாள் மறுவாழ்வுத் திட்ட மானியம் இ-அனுதான் என்ற இணையதளம் வழியாக விண்ணப்பித்து, மாவட்ட ஆய்வு, மாநிலப் பரிந்துரை எல்லாம் முடிந்து வரவேண்டியது. ஒரு கட்டத்தில் தாமதமானாலும் சம்பளம் நின்றுபோகிறது. மானியம் வரும்வரை நிர்வாகிகள் கைமாற்று வாங்கிச் சம்பளம் கொடுத்த பள்ளிகள் நம்மில் உண்டு. சில ஆசிரியர்கள் அதைக்கூடக் கேட்காமல் காத்திருந்தார்கள். அவர்களுக்கு இந்த அவை கைதட்டி நன்றி சொல்லவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

சி.எஸ்.ஆர். எனப்படும் கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதி பற்றியும் சொல்லவேண்டும். கம்பெனிகள் சட்டம் 2013இன் ஏழாவது அட்டவணையில் சிறப்புக் கல்வி வெளிப்படையாகவே இடம்பெற்றிருக்கிறது. சட்ட வரம்புக்குள் வரும் நிறுவனங்கள் முந்தைய மூன்று ஆண்டு சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் செலவிட வேண்டும். இந்த ஆண்டு சந்தித்த நிறுவனத்தார் எல்லோரும் அன்பாகப் பேசினார்கள். கட்டடம், வேன், உணர்வுத்திறன் அறை, கணினி என்று கேட்டால் யோசிக்கிறார்கள். மூன்று வருடத்துக்கு இரண்டு ஆசிரியர் சம்பளம் என்றால் தயங்குகிறார்கள். பெயர்ப்பலகை மாட்ட இடம் இல்லாத செலவு அது. உபகரணம் நிறைந்த அறை, அதை இயக்கத் தெரிந்தவர் இல்லாமல் பூட்டிக் கிடப்பதை நாம் பார்த்திருக்கிறோம். எனவே இனி எந்த உபகரணக் கோரிக்கையோடும் அதை இயக்கும் பணியாளரின் சம்பளத்தையும் சேர்த்தே எழுதுவது என்று செயற்குழு முடிவெடுத்திருக்கிறது.

வெளிநாட்டு உதவி பெற்றுவந்த சிறிய மையங்களுக்கு 2020இல் திருத்தப்பட்ட எஃப்.சி.ஆர்.ஏ., அதாவது வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம், பெரிய அடி. பெரிய அமைப்பு தான் பெற்றதைச் சிறிய அமைப்புக்குப் பகிர்ந்தளிக்க முடியாது. நிர்வாகச் செலவின் உச்சவரம்பும் 50 சதவீதத்திலிருந்து 20 ஆகக் குறைந்தது. ஒன்றை உறுப்பினர்கள் கவனிக்கவேண்டும்: பள்ளி ஆசிரியரின் சம்பளம் நிர்வாகச் செலவில் சேராது என்று விதியிலேயே இருக்கிறது. பயந்துபோய் அதையும் நிர்வாகத்தில் எழுதாதீர்கள். ஆனால் வண்டி ஓட்டும் செலவும் பராமரிப்பும் நிர்வாகச் செலவுதான். சக்கர நாற்காலியில் வரும் குழந்தைக்கு வேன் வராவிட்டால் பள்ளியே இல்லை. அதை அலுவலகச் செலவாகப் பார்ப்பது சரியல்ல என்பது நம் சங்கத்தின் நிலைப்பாடு.

ஆய்வும் சான்றிதழும் வேண்டாம் என்று நாம் ஒருநாளும் சொன்னதில்லை. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடி மனநலக் காப்பகத்தில் சங்கிலியால் கட்டிவைக்கப்பட்டிருந்த 28 பேர் தீயில் இறந்தார்கள். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளித் தீவிபத்தில் 94 குழந்தைகளைப் பறிகொடுத்தோம். நம் பிள்ளைகளில் பலரால் ஓடவோ குரல் கொடுக்கவோ முடியாது. தீயணைப்புத் துறைச் சான்றும் கட்டட உறுதிச் சான்றும் மற்ற எவரையும்விட நமக்கே அதிகம் தேவை. நாம் கேட்பதெல்லாம் ஒழுங்கு. சுகாதாரச் சான்று ஒரு தேதியில் முடிகிறது, தீயணைப்புச் சான்று இன்னொரு தேதியில். ஒன்று கைக்கு வரும்போது மற்றொன்று காலாவதியாகிறது, பதிவு புதுப்பித்தல் நிற்கிறது. பதிவு விண்ணப்பத்தை 90 நாளுக்குள் முடிக்கவேண்டும் என்று மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 51ஆம் பிரிவு சொல்கிறது. அந்தக் கெடுவைக் கடைப்பிடிக்கவும், எல்லாத் துறையினரும் ஒரே நாளில் கூட்டாக ஆய்வு செய்யவும் கோரி மனு கொடுத்திருக்கிறோம். மாவட்ட அலுவலர்கள் பொறுமையாகக் கேட்டார்கள். எழுத்துப்பூர்வ பதில் இன்னும் வரவில்லை.

அலுவலகப் பணியாளர் இல்லாத சிறிய மையங்களுக்காகத் தேதிப் பட்டியல் ஒன்று தயாரித்து அனுப்பினோம். 2024–25ஆம் ஆண்டின் நன்கொடை விவரத்தை வருமான வரித் துறைக்கு 10பிடி படிவத்தில் 2025 மே 31க்குள் தரவேண்டியிருந்தது; தவறினால் தாமதக் கட்டணம் நாளொன்றுக்கு 200 ரூபாய். ஆசிரியர்களின் ஆர்.சி.ஐ. பதிவை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கவேண்டும். வருமான வரி விலக்குக்கான 12ஏ பதிவு 2026 மார்ச் 31 அன்று முடிகிறவர்கள், அதைப் புதுப்பிக்க 2025 செப்டம்பர் 30க்குள் 10ஏபி படிவத்தில் விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. விண்ணப்பிக்காதவர்கள் இனியும் தள்ளிப்போடாதீர்கள், ஆடிட்டரை இந்த வாரமே பாருங்கள். ஆண்டு வருமானம் 5 கோடிக்கு மிகாத அறக்கட்டளைகளுக்கு 12ஏ பதிவு இனி பத்து ஆண்டு செல்லும் என்று 2025 நிதிச் சட்டம் மாற்றியிருக்கிறது. நம் உறுப்பினர் எல்லோருக்குமே அது பொருந்தும்.

பதினெட்டு வயது தாண்டியவர்கள் பற்றிப் பெற்றோர்கள் எழுப்பிய கேள்விக்குத் தனிக்குழு அமைத்திருக்கிறோம். தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ் காப்பாளர் நியமனத்துக்கு விண்ணப்பிக்க அக்குழு உதவும்.

இன்று பொதுக்குழுவின் முன் வரும் தீர்மானங்கள் இரண்டு. முதலாவது, மானியம் தாமதமாகும் மாதங்களில் ஆசிரியர் சம்பளத்துக்கு வட்டியில்லாமல் முன்பணம் தர உறுப்பினர் பள்ளிகள் சேர்ந்து ஒரு சுழல்நிதி தொடங்குவது. இரண்டாவது, தன்னார்வச் சிறப்புப் பள்ளி ஆசிரியருக்கும் அரசுப் பணியிட ஆசிரியருக்கும் உள்ள ஊதிய இடைவெளியைக் குறைக்க, மாணவர் எண்ணிக்கையையும் தீர்ப்பில் உள்ள விகிதத்தையும் அடிப்படையாக வைத்து மானியம் கணக்கிடும்படி மாநில அரசைக் கோருவது. இரண்டையும் விவாதித்து நிறைவேற்றித் தருமாறு கேட்டுக்கொண்டு, அறிக்கையை அவையின் ஒப்புதலுக்குச் சமர்ப்பிக்கிறேன்.

செயலாளர்