இடுப்பெலும்பை இனியும் கேட்காதீர்கள்

மருத்துவப் பொருள் கொள்முதல், காப்பீட்டுப் பட்டியல், மருத்துவ ஆராய்ச்சி நிதி ஆகியவற்றுக்குப் பொறுப்பான அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

நான் ஓர் இயன்முறை மருத்துவர். எலும்பு வார்டில் அறுவை முடிந்தவர்களை எழுப்பி உட்கார வைப்பதும், வாக்கர் கொடுத்து நிற்க வைப்பதும், மெல்ல நடக்க வைப்பதும் என் வேலை. எலும்பில் விழும் இடைவெளியை நிரப்பும் செயற்கை எலும்புத் துகள்களை வார்டிலேயே இருப்பு வைக்க வேண்டும் என்று எங்கள் தரப்பிலிருந்து போன கோரிக்கைக்கு அண்மையில் பதில் வந்தது. நோயாளியின் சொந்த எலும்பே சிறந்தது, ஆகவே இப்போதைக்குத் தேவை எழவில்லை என்பது அதன் சாரம். பின்னணி எல்லாம் உங்களுக்குத் தெரியும், திரும்ப விளக்கி உங்கள் நேரத்தை எடுக்கப் போவதில்லை. அந்த ஒரு வரியைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது.

சொந்த எலும்பு சிறந்தது என்பது சரி. அதில் உயிருள்ள செல்கள் இருக்கின்றன, எலும்பை வளரத் தூண்டும் புரதங்கள் இருக்கின்றன, உடம்பு அதை ஏற்க மறுப்பதும் இல்லை. இதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் அந்த எலும்பு எங்கிருந்து வருகிறது என்று உங்கள் பதிலில் ஒரு வார்த்தை இல்லை. பெரும்பாலும் இடுப்பிலிருந்துதான் வருகிறது. கையை ஊன்றி நிற்போமே, அந்த இடுப்பு விளிம்பில் தோலைக் கீறி, உளியால் எலும்பின் மேலோட்டைத் திறந்து, உள்ளே இருக்கும் மென்மையான எலும்பைச் சுரண்டி எடுக்கிறார்கள். காலில் அடிபட்டு வந்தவர், அடிபடாத இடத்திலும் ஒரு காயத்தோடு வீட்டுக்குப் போகிறார்.

எங்களிடம் வந்த ஓர் அம்மாவைப் பற்றிச் சொல்கிறேன். கட்டட வேலையில் சித்தாள். ஷேர் ஆட்டோ கவிழ்ந்து முட்டிக்குக் கீழே எலும்பு நொறுங்கி வெளியே தெரிந்தது. அந்த எலும்பின் முன்பக்கத்தில் தோலுக்கும் எலும்புக்கும் நடுவே சதையே கிடையாது. அதனால்தான் அங்கே அடிபட்டால் எலும்பு சுலபமாக வெளியே வந்து, ரோட்டு மண்ணெல்லாம் உள்ளே போய்விடுகிறது. செத்த துண்டுகளை எடுத்துச் சுத்தம் செய்ததில் நடுவில் இடைவெளி விழுந்தது. முதல் தடவை வலது இடுப்பிலிருந்து எடுத்து நிரப்பினார்கள். சீழ் வைத்துவிட்டது.

மறுபடி சுத்தம் செய்து, ஆன்டிபயாட்டிக் கலந்த மருத்துவ சிமென்ட்டை இடைவெளியில் வைத்தார்கள். அதைச் சுற்றி உடம்பே ஒரு சவ்வை உண்டாக்கும். சில வாரம் கழித்து சிமென்ட்டை எடுத்துவிட்டு, அந்தச் சவ்வுப் பைக்குள் எலும்பை நிரப்ப வேண்டும். பிரான்சில் மஸ்கெலே என்ற மருத்துவர் 1980களில் தொடங்கிய முறை, இன்று நம் ஊர்களிலும் செய்கிறார்கள். இதற்கு நிறைய எலும்பு தேவைப்படும். கொஞ்சம் சொந்த எலும்பு எடுத்து, அதோடு செயற்கைத் துகளைக் கலந்து நிரப்பலாம் என்று நினைத்த மருத்துவர், வெளியே வாங்கி வரச் சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுத்தார். அந்த அம்மாவின் கணவர் கடை கடையாக ஏறி இறங்கி, விலையை மட்டும் கேட்டுக்கொண்டு, மடித்த சீட்டை அப்படியே திருப்பிக் கொண்டு வந்தார். தேவைப்பட்ட அளவுக்கு ஆகும் விலை, கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரு மாதத்தில் சம்பாதிப்பதைத் தாண்டியிருந்தது. அறுவைக்குக் காப்பீடு உண்டு, இந்தத் துகளுக்குத் தனியாகக் கிடையாது என்று கவுன்டரில் சொல்லிவிட்டார்கள். அப்புறம் வேறு வழி? இடது இடுப்பையும் திறந்தார்கள்.

கால் கூடி வருகிறது. அதற்கு மருத்துவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் பயிற்சிக்கு வரும்போது அவர் காலைப் பற்றிப் பேசுவதைவிட இடுப்பைப் பற்றிப் பேசுவதுதான் அதிகம். பாவாடை நாடா சரியாக அந்தத் தழும்பின் மேல் வந்து உட்காருகிறது. இறுக்கிக் கட்டினால் எரிகிறது, தளர்த்திக் கட்டினால் புடவை நிற்பதில்லை. தொடையின் வெளிப்பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு மரத்துக் கிடக்கிறது. எலும்பு எடுக்கும் இடத்தை ஒட்டி ஓடும் தோல் நரம்பு பாதிக்கப்பட்டால் இப்படி ஆகும். அவர் வீட்டில் குடம் வைப்பதும் இடுப்பில், பிள்ளையைத் தூக்குவதும் இடுப்பில். ஒரு பக்கம் வலித்தால் மறுபக்கம் மாற்றிக்கொள்வது பெண்களின் வழக்கம். இவருக்கு மாற்றிக்கொள்ள மறுபக்கம் இல்லை. "காலுக்குத்தானே சார் வந்தேன், இடுப்பு ரெண்டும் எதுக்குப் போச்சு?" என்று என்னிடம் கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

தேவை எழவில்லை என்று எழுதியவர்கள்தான் இதற்குப் பதில் சொல்ல வேண்டும். என்னிடம் பதில் இல்லை.

எங்கள் கோரிக்கை ஒன்றுதான்: செயற்கை எலும்பு நிரப்பிகள் அரசு மருத்துவமனைகளின் எல்லா எலும்பு வார்டுகளிலும் ஏழை நோயாளிக்கு இலவசமாகக் கிடைக்க வேண்டும், அவற்றை நம் நாட்டு ஆய்வகங்களும் ஆலைகளும் செய்து தர வேண்டும். யாரிடமும் சீட்டைக் கொடுத்து வெளியே அனுப்பக் கூடாது.

இடுப்பில் இருப்பது அள்ள அள்ளக் குறையாத எலும்பு இல்லை. சின்னப் பிள்ளைகளிடம் எடுக்க அதிகம் கிடையாது. வயதானவர்களுக்கு, முக்கியமாக மாதவிடாய் நின்ற பெண்களுக்கு, அந்த எலும்பே பலவீனமாக இருக்கும். எலும்புக் கட்டியைச் சுரண்டி எடுத்த பள்ளத்தை நிரப்ப வேண்டிய இளைஞர் இருக்கிறார். உயரத்திலிருந்து விழுந்து முட்டி மூட்டு உள்ளே அமுங்கிப் போனவர் இருக்கிறார். இவர்களில் பலருக்குத் துகள் மட்டுமே போதும், இடுப்பைத் தொடவே வேண்டாம்.

துகள் என்ன செய்கிறது என்று தெரிந்தே நீங்கள் மறுத்திருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். எலும்பின் எடையில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு, கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த தாது. அதற்கு மிக நெருக்கமான ஹைட்ராக்ஸிஅபடைட்டையும், அதைவிட விரைவாகக் கரையும் டிரைகால்சியம் பாஸ்பேட்டையும் ஆய்வகத்தில் செய்ய முடியும். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் பெரிய, ஒன்றோடொன்று இணைந்த துளைகள் அதில் இருக்க வேண்டும். அப்போதுதான் ரத்தக் குழாய்கள் உள்ளே நுழையும், பின்னாலேயே எலும்புச் செல்கள் வரும். அவரைக்கொடிக்குப் பந்தல் போட்டது மாதிரிதான்: பந்தல் காய்க்காது, ஆனால் பந்தல் இல்லாமல் கொடி படர இடம் இல்லை. புது எலும்பு வளர வளர டிரைகால்சியம் பாஸ்பேட் கரைந்து இடம் விடும். ஹைட்ராக்ஸிஅபடைட் பல வருடம் அங்கேயே எலும்போடு சேர்ந்து நிற்கும். இரண்டையும் எந்த விகிதத்தில் கலப்பது, துளையை எப்படி அமைப்பது என்பதெல்லாம்தான் ஆராய்ச்சி.

இதன் குறைகளையும் நானே சொல்லிவிடுகிறேன். இந்தத் துகள் பீங்கான் மாதிரி ஒரு செராமிக்; நொறுங்கும், உடம்பின் எடையைத் தனியாகத் தாங்காது. எலும்பைப் பிடித்து நிறுத்த உலோகக் கம்பியோ தகடோ கட்டாயம் வேண்டும். அதில் உயிருள்ள செல் இல்லை. பெரிய இடைவெளிக்குச் சொந்த எலும்பு இன்னும் வேண்டும்தான். ஆனால் துகளைக் கலந்தால் எடுக்க வேண்டிய அளவு குறையும். அந்த அம்மாவின் இடது இடுப்பு தப்பித்திருக்கும் என்றே நான் நம்புகிறேன்.

இது நேற்று வந்த விஷயமும் இல்லை. அமெரிக்காவின் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் லாரி ஹென்ச் என்ற விஞ்ஞானி 1967-இல் ஒரு பயணத்தின்போது வியட்நாம் போரிலிருந்து திரும்பிய ராணுவ அதிகாரி ஒருவரைச் சந்தித்தார். கை கால் இழந்த வீரர்களைப் பார்த்துவிட்டு வந்த அந்த அதிகாரி, மனித உடம்பு ஏற்றுக்கொள்ளும் ஒரு பொருளைச் செய்ய முடியாதா என்று கேட்டார். 1969-இல் ஹென்ச் செய்த கண்ணாடி, எலியின் எலும்போடு பிரிக்க முடியாதபடி ஒட்டிக்கொண்டது. உடம்பின் நீரோடு சேர்ந்ததும் அந்தக் கண்ணாடியின் மேற்பரப்பு கரைந்து, அதன் மேல் எலும்புத் தாதுவைப் போன்றே ஒரு படலம் உருவாகிறது. பயோகிளாஸ் என்கிறோமே, அதுதான். பின்லாந்தின் துர்கு நகரில் உருவான இன்னொரு வகைக் கண்ணாடி, சீழ் பிடித்த எலும்பைச் சுத்தம் செய்தபின் நிரப்பவே பயன்படுகிறது. சுற்றுப்புறத்தைக் காரத்தன்மையாக்கி அது கிருமி வளர்வதைத் தடுக்கிறது. எங்கள் வார்டில் சீழ் வடியும் காலோடு மாதக்கணக்கில் படுத்திருப்பவர்களை நினைத்தால் இதை எழுதும்போதே ஆதங்கமாக இருக்கிறது.

வெளிநாட்டிலிருந்துதான் வர வேண்டும் என்றும் இல்லை. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனமும், கொல்கத்தாவின் மத்திய கண்ணாடி மற்றும் செராமிக் ஆராய்ச்சி நிறுவனமும் இந்தப் பொருள்களில் பல வருடமாக வேலை செய்கின்றன. எலும்பில் தாதுவோடு சேர்ந்திருக்கும் புரதமான கொலாஜனில் ஆழ்ந்த அனுபவம் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் சென்னை அடையாறிலேயே இருக்கிறது. எல்லாம் மக்கள் வரிப்பணத்தில் நடப்பவை. அந்த அறிவு ஆய்வுக்கட்டுரை வரை போகிறது, ஏழை நோயாளியின் கட்டில் வரை பெரும்பாலும் வருவதில்லை. தனியார் பல் கிளினிக்கில் இம்ப்ளான்ட் வைக்க வருபவருக்குத் தாடையில் இதே வகைத் துகளைச் சாதாரணமாக வைக்கிறார்கள். காசு இருப்பவரின் பல்லுக்குக் கிடைப்பது கூலி வேலை செய்பவரின் காலுக்கு ஏன் கிடைக்கக் கூடாது?

நம்மால் முடியாது என்று சொல்லிவிடாதீர்கள். இதே சித்திரைத் திருநாள் நிறுவனம் உருவாக்கிய இதய வால்வு 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. சென்னையைச் சேர்ந்த டிடிகே நிறுவனம் அதைத் தயாரித்து நாடு முழுவதும் கொண்டு சேர்த்தது. கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் வெளிநாட்டிலிருந்து சுமார் 100 டாலருக்கு வந்துகொண்டிருந்தபோது, அரவிந்த் கண் மருத்துவமனை 1992-இல் மதுரையில் ஆரோலேபைத் தொடங்கிச் சுமார் 10 டாலருக்குக் கொண்டு வந்தது. ஸ்டென்டுக்கும் முழங்கால் மூட்டு மாற்றுக்கும் 2017-இல் மத்திய அரசு விலை உச்சவரம்பு வைத்தது. இதயத்துக்கும் கண்ணுக்கும் மூட்டுக்கும் முடிந்தது, முறிந்த எலும்புக்கும் முடியும். முறிந்த எலும்போடு அரசு மருத்துவமனைக்கு வருபவர்கள் பெரும்பாலும் கூலித் தொழிலாளிகள். அவர்களுக்காகக் கேட்க ஆள் இல்லை என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

2021 டிசம்பரில் தொடங்கிய 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தால் விபத்தில் சிக்கியவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை கட்டணமில்லாமல் கிடைக்கிறது. அருமையான திட்டம், அதை வார்டிலிருந்து பார்க்கும் நான் மனதாரச் சொல்கிறேன். ஆனால் எலும்பு 48 மணி நேரத்தில் கூடுவதில்லை. உயிர் பிழைத்தவர் மறுபடி வேலைக்குப் போகும் வரை அவருடைய குடும்பம் கடனில்தான் ஓடுகிறது. மகள் படிப்பை நிறுத்துகிறாள், தோடு அடகுக்குப் போகிறது, ஆடு விற்கப்படுகிறது. விபத்தின் கணக்கை நாம் மரணத்தோடு முடித்துக்கொள்கிறோம். பிழைத்து, நடக்க முடியாமல் இருப்பவர்களின் கணக்கை யாரும் எடுப்பதில்லை. எலும்பு வார்டுக்கு எப்போதும் கடைசியில்தான் பணம் வருகிறது, இயன்முறைப் பிரிவுக்கு அதற்கும் கடைசியில்.

சரி, அந்தக் கோரிக்கையை எப்படி நிறைவேற்றலாம் என்பதற்கு வருகிறேன்.

அவசரப்பட்டு எதையும் வாங்கி வைக்கச் சொல்லவில்லை. எலும்பை வளரத் தூண்டும் புரதத்துக்கு 1965-இல் வழிகாட்டியவர் மார்ஷல் யூரிஸ்ட். அந்த வகைப் புரதம் சேர்த்த நிரப்பிக்கு அமெரிக்காவில் 2002-இல் அனுமதி கிடைத்தது. ஆனால் நிறுவனங்களின் ஆதரவில் நடந்த ஆய்வுகள் பக்கவிளைவுகளைப் பெரிதும் குறைத்துக் காட்டின என்று 2011-இல் முதுகெலும்பு மருத்துவ இதழ் ஒன்று ஓர் இதழ் முழுக்க எழுத வேண்டியதாயிற்று. ஆகவே சோதனை வெளிப்படையாக நடக்கட்டும். நம் ஆய்வகங்களின் துகள்களை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் முறைப்படி சோதியுங்கள். ஒவ்வொரு நோயாளியிடமும் புரியும்படி சொல்லிச் சம்மதம் வாங்குங்கள். முடிவு நல்லதோ கெட்டதோ வெளியிடுங்கள். அந்தச் சோதனையில் எக்ஸ்ரேயில் எலும்பு கூடியதா என்பதோடு, எலும்பு எடுத்த இடுப்பு எப்படி இருக்கிறது என்பதையும் கேட்டு எழுதச் சொல்லுங்கள். அந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் தேவை எழவில்லை என்ற பதில் வந்தே இருக்காது.

அதுவரைக்கும், ஏற்கெனவே அனுமதி பெற்றுச் சந்தையில் இருக்கும் துகள்களை மொத்தமாக விலை பேசி வாங்கி வார்டுகளுக்கு அனுப்புங்கள். காப்பீட்டில் அறுவைக்கான தொகையோடு துகளுக்கான தொகையையும் தெளிவாக எழுதிச் சேருங்கள், கவுன்டரில் இருப்பவர் இல்லை என்று சொல்ல முடியாதபடி.

வேண்டியது மூன்று கையெழுத்து: கொள்முதலுக்கு ஒன்று, காப்பீட்டுக்கு ஒன்று, ஆராய்ச்சி நிதிக்கு ஒன்று. மூன்றும் வெவ்வேறு மேசைகளில் இருப்பதால் கோப்பு ஒவ்வொரு மேசையிலும் மற்றவரைக் காட்டிவிட்டு நகர்கிறது. தயவுசெய்து மூவரும் ஒரே நாளில் ஒரே அறையில் உட்காருங்கள்.

எங்கள் கோரிக்கையை மறுபரிசீலனை செய்யும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். இந்த முறை பதில் எழுதும் முன்பு ஏதாவது ஓர் அரசு மருத்துவமனையின் இயன்முறைப் பிரிவுக்குக் காலை நேரத்தில் வாருங்கள். எலும்பு எடுத்து வைத்தவர்கள் பயிற்சிக்கு வந்திருப்பார்கள். இடுப்பு எப்படி இருக்கிறது என்று நீங்களே அவர்களிடம் கேட்கலாம்.

இப்படிக்கு,
எலும்பு வார்டில் பணிபுரியும் ஓர் இயன்முறை மருத்துவர்