பழைய கணினிகளைக் கழிக்கும் முன்: பள்ளி ஆட்சிக் குழுக்களிலுள்ள தமிழ்ப் பெற்றோருக்கு ஒரு திறந்த மடல்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் வட்டாரத் தொடக்கப் பள்ளிகளின் ஆட்சிக் குழுக்களில் பணியாற்றும் தமிழ்ப் பெற்றோருக்கும், வார இறுதித் தமிழ் வகுப்புகளை நடத்திவரும் சங்கத்தாருக்கும் வணக்கம்.

சாட்ஸ்வொர்த்தில் ஒரு தொடக்கப் பள்ளியின் கணினி அறையில் சனிக்கிழமைதோறும் தமிழ் வகுப்பு எடுத்துவருகிறேன். அண்மையில் ஒருநாள் அறையைத் திறந்தபோது, பதினான்கு கணினிகளின் வயர்களும் கழற்றப்பட்டுப் பெட்டிகள் சுவரோரமாக அடுக்கப்பட்டிருந்தன. விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்திவிட்டதாலும், இவை விண்டோஸ் 11-ஐ ஏற்காதவை என்பதாலும் கழித்துவிடப் போவதாகச் சொன்னார்கள். புதியவை எப்போது வரும் என்று கேட்டேன். நிதி திரட்ட வேண்டும் என்றார்கள். அடுக்கிவைத்திருந்தவற்றுள் ஒன்றுகூடப் பழுதானதல்ல. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 பாதுகாப்பு வசதியும் புதிய தலைமுறைச் செயலியும் அவற்றில் இல்லை, அவ்வளவுதான்.

அனுமதி பெற்று ஒன்றை மட்டும் எடுத்து, விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் மின்ட் இயங்குதளத்தின் எக்ஸ்எஃப்சிஇ என்னும் இலகுவான பதிப்பைப் பென் டிரைவிலிருந்து நிறுவினேன். 4 ஜிபி நினைவகமே உள்ள அந்தப் பெட்டி முன்பைவிடச் சுறுசுறுப்பாக இயங்குகிறது. உரிமக் கட்டணம் ஒரு ரேண்ட்கூட இல்லை. (பள்ளியின் பழைய பிரிண்டர் மட்டும் கடைசிவரை மசியவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.) பிறகு, கட்டுரை, கணக்கு முதலியவற்றுக்கான லிப்ரே ஆபிஸ் மென்பொருளின் இடைமுகத்தைத் தமிழுக்கு மாற்றினேன். ஐந்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி திரையின் மேல்வரிசையில் இருந்த ‘கோப்பு’ என்ற சொல்லை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, இது நாம் வகுப்பில் படிக்கும் அதே தமிழா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். ஆம் என்றதும், தன் வீட்டு லேப்டாப்பிலும் இதைப் போட்டுக்கொள்ளலாமா என்றாள்.

அவளுக்குத் தயங்காமல் ‘போட்டுக்கொள்’ என்று சொல்ல முடிந்ததே, இம்மடலை எழுத என்னைத் தூண்டியது. லிப்ரே ஆபிஸ் போன்ற கட்டற்ற மென்பொருளின் உரிமம், அதை யாரும் எந்த நோக்கத்துக்கும் பயன்படுத்தவும், படியெடுத்துப் பிறருக்குக் கொடுக்கவும், மூலநிரலைப் படித்துத் திருத்தவும் இடம் தருகிறது. விண்டோஸிலும் தமிழ் இடைமுகம் உண்டு. ஆனால் அதில் ஒரு சொல் பிழையாக இருந்தால் நிறுவனம் திருத்தும்வரை நாம் காத்திருக்க வேண்டும். லிப்ரே ஆபிஸில் தன்னார்வலர் எவரும் திருத்தத்தைச் செய்து அனுப்பலாம். சிறுவர்களுக்கான டக்ஸ் பெயின்ட் என்னும் படம் வரையும் மென்பொருள் தமிழில் கிடைப்பதுபோலவே ஜூலுவிலும் கிடைக்கிறது. வார நாள்களில் அதே அறையில் அமரும் பிள்ளைகள் பலருக்கு ஜூலுவே தாய்மொழி. நம் அரசியலமைப்பின் 6-ஆம் பிரிவு, மேம்படுத்தி மதிப்பை உறுதிசெய்ய வேண்டிய மொழிகளுள் தமிழையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. அந்த மதிப்பு பிள்ளைகள் அன்றாடம் பார்க்கும் திரைவரை வர வேண்டாமா?

இது நமக்கு அந்நியமான சரக்கும் அல்ல. 2004-இல் உபுண்டு என்னும் கட்டற்ற லினக்ஸ் இயங்குதளத்தைத் தொடங்கிய மார்க் ஷட்டில்வொர்த் இந்நாட்டின் வெல்கம் நகரில் பிறந்தவர். அதன் பெயரும் ஜூலு உள்ளிட்ட இம்மண்ணின் ங்குனி மொழிகளிலிருந்து வந்தது. அரசுத் துறைகளில் கட்டற்ற மென்பொருளைப் பயன்படுத்தும் கொள்கைக்கு நம் அமைச்சரவை 2007-இல் ஒப்புதல் அளித்தது. அப்படியிருக்க, 2013-இல் அடிப்படைக் கல்வித் துறை விடுத்த சுற்றறிக்கை, கணினிப் பயன்பாட்டுப் பாடத்துக்கு மைக்ரோசாஃப்ட் ஆபிஸையும் தகவல் தொழில்நுட்பப் பாடத்துக்கு டெல்ஃபி என்னும் நிரலாக்க மென்பொருளையும் விதித்தது. அமைச்சரவை ஒரு பக்கம் இழுக்க, துறை இன்னொரு பக்கம் இழுத்தது என்றே எனக்குத் தோன்றுகிறது.

‘பிள்ளைகள் தேர்வில் பின்தங்கிவிடுவார்களே’ என்ற உங்கள் கவலை நியாயமானதே. ஆனால் அவ்விரண்டும் பத்தாம் வகுப்பு முதல் விரும்புவோர் மட்டும் எடுக்கும் பாடங்கள். உயர்நிலைப் பள்ளிகளை மாற்றும்படி இப்போது நான் கேட்கவில்லை. தட்டச்சும் படம் வரைதலும் கட்டுரை எழுதுதலும் பழகும் ஏழாம் வகுப்புவரையிலான பிள்ளைகள், எந்த ஆபிஸ் மென்பொருளில் பழகினாலும் பின்னர் மற்றொன்றுக்கு எளிதில் மாறிக்கொள்வார்கள். கேரளத்து அரசுப் பள்ளிகள் பல ஆண்டுகளாகக் கட்டற்ற மென்பொருளிலேயே கணினிக் கல்வியை நடத்திவருகின்றன.

1996-ஆம் ஆண்டின் பள்ளிகள் சட்டத்தின் 21-ஆம் பிரிவின்கீழ்ப் பொறுப்பு ஒப்படைக்கப்பட்ட ஆட்சிக் குழுக்களுக்குப் பாடநூல்களையும் கல்விக் கருவிகளையும் வாங்கும் அதிகாரம் உண்டு. ஆகவே, கணினிகளைக் கழிக்கும் தீர்மானத்தை அடுத்த கூட்டம்வரை ஒத்திவைத்து, உங்கள் பள்ளியில் இரண்டு பெட்டிகளில் மட்டும் ஒரு பருவம் சோதித்துப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். நிறுவித் தரவும், ஆசிரியர்களுக்குப் பழக்கிவிடவும் சனிக்கிழமை பிற்பகல்களில் கட்டணமின்றி வருகிறேன். பிரிண்டரின் மாடல் எண்ணை மட்டும் முன்கூட்டியே தெரிவித்துவிடுங்கள்.

இப்படிக்கு,
வார இறுதித் தமிழ் வகுப்பு ஆசிரியர்,
சாட்ஸ்வொர்த்