பள்ளத்தை மூடினால் போதாது, வடிகாலையும் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சிங்கப்பூரின் கடைவீதியான ஆர்ச்சர்ட் ரோட்டில் தண்ணீர் தேங்கினால் அன்றே செய்தியாகிவிடும். லிம் சூ காங், கிராஞ்சி பக்கத்துப் பண்ணைச் சாலைகளுக்கு அந்தக் கவனம் கிடைப்பதில்லை. மழை விட்டு, தண்ணீரும் வடிந்த பிறகுதான் இந்தச் சாலைகளின் சேதம் வெளியே தெரியத் தொடங்குகிறது என்பது அதற்கு ஒரு காரணம்.

கோளாறு பெரும்பாலும் சாலைக்கு அடியில் செல்லும் கான்கிரீட் குழாயின் வாயில்தான் தொடங்கும். முறிந்த கிளை, கிழிந்த பண்ணை வலை, உரப்பை என்று ஏதாவது ஒன்று சிக்கினாலும் அதன்மேல் சருகு படிந்து வாய் அடைபடும். இடிமழை கொட்டும்போது தண்ணீர் சாலையைத் தாண்டி மறுபுறம் விழும். விழுகிற பக்கத்தில்தான் சேதம். அங்கே ஓரத்து மண் அரித்து, தாருக்கு அடியில் பொந்து விழும். மேலே தார் மூடிபோல நிற்பதால் சாலை நன்றாக இருப்பதாகவே தோன்றும். மண்லாரி ஒன்று ஓரமாக ஒதுங்கும்போது அந்த இடம் உள்வாங்கிவிடும்.

ஓரத்துக்கு இணையாக நீளும் மெல்லிய விரிசல் முதல் அடையாளம். லாரி போகும்போது விரிசல் வழியாகச் சேற்றுநீர் பீச்சியடித்தால், அடித்தளத்தின் நுண்மண் வெளியேறுகிறது என்று பொருள். இரும்புக் கம்பியால் தட்டினால் கேட்கும் வெற்று ஓசையும் பொந்தைக் காட்டிக்கொடுக்கும். இவற்றில் ஒன்று தெரிந்தாலும், சோதித்து முடிக்கும்வரை கனரக வாகனங்களை விடக்கூடாது. சாலைக்கு ஏற்படும் சேதம் அச்சுச் சுமையின், அதாவது வண்டியின் ஒரு சக்கர அச்சு தாங்கும் எடையின், ஏறக்குறைய நான்காம் அடுக்கில் (நான்கு முறை பெருக்கிய அளவில்) கூடும். சுமை இரட்டித்தால் சேதம் 16 மடங்கு. ஈரம் ஊறிய அடித்தளம் இதைத் தாங்காது.

ஈரப் பள்ளத்தில் தார்க்கலவையைக் கொட்டி மண்வெட்டியால் தட்டிவிட்டுப் போவது வீண்செலவு. அடுத்த மழையில் பெயர்ந்துவிடும். பள்ளத்தின் ஓரங்களை உறுதியான தார் வரும்வரை செங்குத்தாக வெட்ட வேண்டும். தளர்ந்ததை அள்ளி, உலர்த்தி, அடியிலும் பக்கங்களிலும் தார்க்குழம்பு பூச வேண்டும். பிறகு சூடான கலவையை 5 செ.மீ. அளவு அடுக்குகளாகப் போட்டு, ஒவ்வொன்றையும் இறுக்க வேண்டும். அடியில் பொந்து இருந்தால் இந்த ஒட்டுவேலையே கூடாது. திறந்து, ஜல்லியிட்டு நிரப்பிய பிறகே தார்.

சாலையோரப் புல்லையும் யாரும் பொருட்படுத்துவதில்லை. வண்டல் சேரச் சேரப் புல்தரை தாரைவிட உயர்ந்து வரப்பாகிவிடும். சாய்வாகப் போட்ட சாலையிலும் தண்ணீர் வடிகாலுக்கு இறங்க வழியில்லாமல் ஓரத்திலேயே ஊறும். அந்த வரப்பைச் சீவி, அங்கங்கே வாய்க்கால் வெட்டிவிட்டால் போதும். குழாய்களையும் அக்டோபர் மாதத்துக்கு முன்பே தூர்வாரிவிடுவது நல்லது. பருவமழைகளுக்கு இடைப்பட்ட அக்டோபர், நவம்பர் மாதங்களில் பிற்பகல் இடிமழை வலுக்கிறது.

சேதத்தைப் பார்ப்பவர்கள் அரசு அமைப்புகளுக்குப் புகார் அனுப்ப உதவும் ஒன்சர்விஸ் செயலியில் தெரிவிக்கலாம். பள்ளத்தை மட்டும் படமெடுக்காமல், தண்ணீர் விழுந்த பக்கத்து ஓரத்தையும் குழாய்வாயையும் எடுங்கள். அருகிலுள்ள விளக்குக் கம்பத்தின் எண்ணையும் குறிப்பிட்டால், பழுதுபார்ப்பவர்கள் இடம் தேடி அலைய வேண்டியதில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சுவா சூ காங்