'லேசான' தலைக்காயம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் சென்ற இதழில், தலைக்கவசம் அணிந்து ஆளோடு ஆள் மோதி ஆடும் அமெரிக்கக் கால்பந்தின் எதிர்காலம் பற்றி வெளிவந்த கட்டுரையில், "நவீனத் தலைக்கவசங்கள் வந்துவிட்ட நிலையில், லேசான தலைக்காயங்களைக் கண்டு பெற்றோர் அஞ்சத் தேவையில்லை" என்று ஒரு வரி இருந்தது. அதை நான் மூன்று முறை படித்தேன். அச்சுக்கு அனுப்புமுன் தங்கள் அலுவலகத்தில் ஒருவராவது ஒரு முறை படித்திருக்கலாம்.

தலைக்கவசம் மண்டையோடு உடையாமல் காக்கும். உள்ளே மூளை குலுங்குவதை அது நிறுத்தாது. ஆளை மயங்கி விழச்செய்யும் பெரிய மோதல் மட்டும்தான் ஆபத்து என்பதுமில்லை. முன்வரிசையில் நேருக்கு நேர் மோதும் லைன்மேன்கள் பயிற்சியிலும் ஆட்டத்திலும் ஓயாமல் வாங்குகிற சிறு அடிகள் ஆண்டுக்கணக்கில் சேர்ந்துதான் சி.டி.இ. என்னும் மூளைச்சிதைவில் கொண்டுபோய் விடுகின்றன. பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணிக்காக சூப்பர் பவுல் என்னும் ஆண்டு இறுதிப்போட்டியை நான்கு முறை வென்ற மைக் வெப்ஸ்டர் 2002இல் தம் 50ஆம் வயதில் இறந்தபின், மருத்துவர் பென்னட் ஒமாலு அவருடைய மூளையில் இந்த நோயைக் கண்டறிந்தது தாங்கள் அறியாததல்ல. 2023இல் பாஸ்டன் பல்கலைக்கழகம் வெளியிட்ட கணக்கின்படி, ஆராயப்பட்ட, என்.எஃப்.எல். என்னும் தொழில்முறைக் கூட்டமைப்பின் 376 முன்னாள் வீரர்களின் மூளைகளில் 345இல் அது இருந்தது. தானமாக வந்த மூளைகள் என்பதால் எல்லா வீரர்களுக்கும் இதே விகிதம் என்று கொள்ள முடியாது. தங்கள் கட்டுரையாளருக்குச் சிரமம் வேண்டாமென்று அதையும் நானே சொல்லிவிடுகிறேன்.

'லேசான' என்ற சொல்லும் அவருடைய கண்டுபிடிப்பன்று. 1994இல் என்.எஃப்.எல். அமைத்த ஆய்வுக்குழுவின் பெயரிலேயே அது இருந்தது. மூளைக்காயத்தை ஆராய வந்த அக்குழுவுக்குத் தலைவராக இருந்தவர் மூட்டுநோய் மருத்துவர். ஆட்டத்துக்கும் சி.டி.இ.க்கும் தொடர்பு உண்டு என்று அந்த அமைப்பின் அதிகாரி ஒருவர் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் வாய்திறந்து ஒப்புக்கொள்ள 2016 வரை ஆயிற்று.

எனக்கு அந்தச் சொல்லை அறிமுகப்படுத்தியவர் என் மகனின் பயிற்சியாளர். டல்லஸ் அருகே ஓர் உயர்நிலைப் பள்ளியில் எதிராளியைச் சாய்த்துத் தடுக்கும் லைன்பேக்கராக அவன் ஆடினான். பள்ளி ஆட்டங்கள் நடக்கும் வெள்ளிக்கிழமை இரவுகளில் ஒலிபெருக்கி எங்கள் குடும்பப் பெயரைக் கடித்துத் துப்பும்போதுகூட எனக்குப் பெருமையாகவே இருக்கும். ஓர் ஆட்டத்தின் மூன்றாம் கால்பகுதியில் விழுந்தவன், எழுந்து எதிரணியின் பெஞ்சை நோக்கி நடந்தான். பயிற்சியாளர் விரல்களைக் காட்டி எண்ணச் சொன்னார், "லேசான அடிதான்" என்றார், ஐந்து நிமிடத்தில் திரும்ப அனுப்பினார். கன்கஷன் என்னும் மூளை அதிர்ச்சி பற்றி ஐயம் எழுந்தால் மாணவனை அன்றைக்கு மீண்டும் இறக்கக்கூடாது என்று டெக்சாஸில் 2011 முதல் சட்டம் உண்டு. எனக்கு அது பிறகுதான் தெரிந்தது, அவருக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். அவன் மைதானத்துக்குள் ஓடியபோது எழுந்து நின்று கைதட்டியவர்களில் நானும் ஒருவன். அன்றிரவு அவன் தன் தாயிடம் ஒரே கேள்வியை நான்கு முறை கேட்டான். விளக்கு வெளிச்சம் தாங்காமல் இரண்டு மாதம் புத்தகத்தைத் திறக்கவில்லை.

2022 செப்டம்பரில் மயாமி அணியில் பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் டுவா டகோவாய்லோவா ஓர் ஆட்டத்தில் தள்ளாடி, நான்கே நாளில் மீண்டும் இறக்கப்பட்டு, விரல்கள் விறைத்த நிலையில் தூக்குப்படுக்கையில் வெளியேறியபோது, இவை அனைத்தையும் தங்களுக்கு விரிவாக எழுதியிருந்தேன். என் கடிதத்திலிருந்து, தங்கள் விளையாட்டுப் பக்கத்தைப் பாராட்டிய இரண்டு வரிகளை மட்டும் பிரசுரித்திருந்தீர்கள். நன்றி.

விளையாட்டை ஒழிக்கச் சொல்கிறேன் என்று கட்டுரையாளர் பதில் எழுதக்கூடும். 1905இல் ஆட்டக்களச் சாவுகள் பெருகியபோது அதிபர் ரூஸ்வெல்ட் கல்லூரிக்காரர்களை அழைத்துப் பேசினார். அடுத்த ஆண்டே பந்தை முன்னோக்கி எறிய அனுமதித்து விதிகளை மாற்றினார்கள். ஆட்டம் அழியவில்லை, வளர்ந்தது. வீரர்கள் ஓடிவந்து மோதுவதைக் குறைக்க, பந்தை உதைத்துத் தொடங்கும் கிக்ஆஃப் விதியும் 2024இல் மாறியது. ஆளைச் சாய்க்காமல் இடுப்பிலுள்ள பட்டையை உருவும் ஃபிளாக் ஃபுட்பால் 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் இடம்பெறுகிறது. பன்னிரண்டு வயது வரையிலாவது பிள்ளைகள் அதை ஆடட்டும் என்றால், கலிபோர்னியாவில் அதற்கான மசோதா வந்தபோது ஆளுநர் 2024 ஜனவரியிலேயே கையெழுத்திட மாட்டேன் என்றுவிட்டார். எதிர்காலத்தைப் பற்றிய கட்டுரையில் இவற்றுக்கு ஒரு பத்தி கிடைக்கவில்லை. சூப்பர் பவுல் விளம்பரக் கட்டணத்துக்கு முக்கால் பக்கம் கிடைத்தது.

நான் கேட்பது பெரிதல்ல. தலைக்கவசம் கன்கஷனைத் தடுக்காது என்று அடுத்த இதழில் ஒரு திருத்தம் போடுங்கள். பக்கத்தின் அடியில், சிறிய எழுத்தில் இருந்தாலும் சரி. இனித் தலைக்காயம் என்று எழுத நேர்ந்தால், அதன் முன்னால் 'லேசான' என்பதைச் சேர்க்க வேண்டாமென்று கட்டுரையாளரிடம் சொல்லுங்கள்.

தங்கள் உண்மையுள்ள,
பதினெட்டு ஆண்டுச் சந்தாதாரர் ஒருவர்,
டெக்சாஸ்