கரடியை விடு, தறப்பாளை எடு: அல்கொன்குயின் போகும் தங்கச்சிக்கு

அன்புத் தங்கச்சி,

ஒன்ராறியோவிலுள்ள அல்கொன்குயின் காட்டுப் பூங்காவில் கூடாரம் போட்டு மூன்று இரவு தங்கப் போகிறோம் என்று எழுதியிருந்தாய். அதோடு ஒரே ஒரு கேள்வி: "கரடி வருமா?" வரக்கூடும். ஆனால் ரொறன்ரோப் பக்கத்து ஸ்காபுரோவிலிருந்தும் மார்க்கம் நகரிலிருந்தும் முதல் தடவை போய், இரண்டாம் நாள் விடியவே சாமானைக் கட்டிக்கொண்டு திரும்புகிற எங்கட சனங்கள் கரடிக்குப் பயந்து திரும்புவதில்லை. முதுகுக்குக் கீழிருந்து ஏறும் குளிர், கூடாரத்துக்குள் வந்த மழைத்தண்ணீர், ஜூன் மாதத்துக் கறுப்பு ஈ, இந்த மூன்றும்தான் துரத்துகின்றன. ஆகவே கரடிக்கு இந்தக் கடிதத்தில் ஒரு பந்திதான்.

முதலில் திகதி. மே நடுப்பகுதியிலிருந்து ஜூன் கடைசி மட்டும் அந்தக் காடு கறுப்பு ஈயினுடையது. ஓடுகிற தண்ணீரில் பிறக்கும், பகலில்தான் கடிக்கும், காதுக்குப் பின்னால், தலைமயிர் தொடங்கும் இடம், கை மடிப்பு என்று துணியின் ஓரத்தைத் தேடி ஊர்ந்து உள்ளே போகும். கடிக்கும்போது தெரியாது, கழுத்தில் இரத்தம் வழிந்த பிறகுதான் தெரியும். பொழுதுபட்டால் அது ஓய, நுளம்பு முறைக்கு வரும். ஜூலையில் தலையைச் சுற்றிச் சுற்றி வரும் மான் ஈ. ஓகஸ்ட் நடுப்பகுதிக்குப் பிறகு மூன்றும் அடங்கிவிடும், ஏரித் தண்ணீரும் பிள்ளைகள் இறங்கக்கூடிய சூட்டில் இருக்கும். அம்மாவையும் இரண்டு சின்னப் பிள்ளைகளையும் கொண்டு போகிற உனக்கு ஓகஸ்ட் 15இலிருந்து, செப்டெம்பர் முதல் திங்களில் வரும் கனடாவின் தொழிலாளர் தினத்துக்கு முந்திய கிழமை மட்டும்தான் காலம். இலை சிவப்பதைப் பார்க்க ஆசையென்றால் அது வேறு பயணம்: மேப்பிள் உச்சத்துக்கு வருவது செப்டெம்பர் கடைசி வாரத்தில். ஒக்ரோபரில் வரும் நன்றி தெரிவித்தல் தின விடுமுறைக்கு என்று காத்திருந்து போகிறவர்கள் பெரும்பாலும் கொட்டிய இலையையும் வாகன நெரிசலையும்தான் பார்க்கிறார்கள். அந்த நாட்களில் இரவு வெப்பநிலை 0 பாகையைத் தொடும்.

ஒன்ராறியோ பூங்காக்களின் முன்பதிவு, நீ போய்ச் சேரும் நாளுக்குச் சரியாக 5 மாதம் முன்னால், காலை 7 மணிக்குத் திறக்கும். ஓகஸ்ட் 20க்கு வேண்டுமென்றால் மார்ச் 20. கணக்கை முதல் நாளே திறந்து, அட்டை இலக்கத்தைப் பதிந்து, விரும்பும் இடங்களில் நாலைந்தை இலக்கத்தோடு எழுதி வைத்துக்கொண்டு 6:55க்கு உட்கார். வெள்ளிக்கிழமைக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை என்று பலர் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. புதன்கிழமை வந்து ஞாயிறு மட்டும் நிற்கிறவருக்கு உன்னை விட இரண்டு நாள் முந்திக் கதவு திறக்கிறது. நீ ஞாயிறு போய்ப் புதன் திரும்புவதாக வைத்துக்கொள். நல்ல இடம் கிடைக்கும், சத்தமும் குறைவு. ஓர் இடத்தில் 6 பேர், ஒரு வாகனம். பெரியண்ணா குடும்பம் ஒரு நாள் வந்து போகப் போகிறது என்றால் அவர்களுடைய காருக்குப் பகல் அனுமதியை முன்கூட்டியே எடுக்கச் சொல். வாசலில் வாங்கலாம் என்று வந்து, முடிந்துவிட்டது என்று திரும்புகிற கார்கள் இலையுதிர் காலத்தில் எக்கச்சக்கம்.

எங்கே தங்குவது? 60ஆம் நெடுஞ்சாலை பூங்காவுக்குள் 56 கிலோமீற்றர் ஓடுகிறது. அங்கே எல்லா இடத்துக்கும் முகவரி மேற்கு வாசலிலிருந்து எத்தனையாவது கிலோமீற்றர் என்பதுதான். 31, 32 அளவில் இருக்கிற டூ ரிவர்ஸ் ஏரிக்கரை பெயர் பெற்றது: மணல், கடை, குளியலறை எல்லாம் உண்டு, சனமும் வீதிச் சத்தமும் கூடவே வரும். அதற்குப் பக்கத்து மியூ லேக் ஆண்டு முழுக்கத் திறந்திருக்கும், மின்சாரம் உள்ள இடங்களும் கிடைக்கும். அதனருகே பழைய விமான ஓடுதளம் ஒன்று வெட்டவெளியாகக் கிடக்கிறது. நிலவில்லாத இரவில் பிள்ளைகளை அங்கே கொண்டுபோய் வானத்தைக் காட்டு. 37இல் பொக் லேக்: உயர்ந்த பைன் மரங்கள், வானொலிக்கும் நாய்க்கும் இடமில்லாத பகுதி தனியாக உண்டு. அம்மாவுக்கு அமைதி வேண்டுமென்றால் பொக், இரவில் இரண்டு தடவை எழும்ப வேண்டுமென்றால் மியூ. எதுவானாலும் வரைபடத்தில் குளியலறைக்கு நேரெதிர் இடத்தை எடுக்காதே. இரவிரவாக விளக்கும் கதவடிக்கும் சத்தமும். ஒன்றிரண்டு இடம் தள்ளி எடு.

பூங்காவுக்குள் எரிபொருள் நிலையம் இல்லை; வழியில் வரும் ஹன்ட்ஸ்வில் ஊரில் நிரப்பு. இருட்டுக்கு முன் போய்ச் சேர். மூஸ் மானின் கண் காரின் வெளிச்சத்துக்கு மேலே நிற்கும், கால்கள் கறுப்பு. வெளிச்சத்தில் மினுங்க ஒன்றுமில்லாமல் வீதி நடுவே அரைத் தொன் எடையில் நிற்கும். மேயில் அவை வீதியோரப் பள்ளங்களுக்கு வருவது குளிர்காலத்தில் கொட்டிய உப்பு அங்கே தேங்குவதால்தான்.

இனிக் கூடாரம். "6 பேர்" என்று பெட்டியில் எழுதியிருந்தால் தீப்பெட்டிக் குச்சி மாதிரி அடுக்கிய ஆறு பேர் என்று அர்த்தம். நாலு பேரும் பைகளும் என்று எடுத்துக்கொள். வாங்கியதும் வீட்டு முற்றத்தில் ஒருமுறை கட்டிப் பார், தண்ணீர்க் குழாயால் பத்து நிமிடம் அடித்தும் பார். தையல் ஒழுகினால் அதற்கான பசையைத் தடவ ஒரு கிழமை கிடைக்கும்.

இடத்துக்குப் போனவுடன் மேலே பார். காய்ந்த கொப்பு, சாய்ந்த மரம் இருந்தால் அதன் கீழே வேண்டாம். பிறகு கீழே பார். பல பேர் படுத்துப் படுத்து மெழுகினது போல வழுவழுப்பான சின்னப் பள்ளம் ஒன்று ஒவ்வோர் இடத்திலும் இருக்கும். கூடாரம் போட அழகான இடமாகத் தெரியும். மழை வந்தால் அது குளம். அதை விட்டு, மெல்லிய சரிவில், தலை மேட்டுப் பக்கம் வரப் போடு.

கீழ் விரிப்பில்தான் அநேகம் பேர் பிழை விடுகிறார்கள். நீலத் தறப்பாளைக் கூடாரத்தை விடப் பெரிதாக விரித்தால், கூரையிலிருந்து வழியும் தண்ணீர் வெளியே நீட்டிய ஓரத்தில் விழுந்து, நேரே உனக்குக் கீழே ஓடும். விரிப்பு கூடாரத் தளத்தை விட நாலு பக்கமும் ஒரு சாண் குறைவாக இருக்க வேண்டும். மிஞ்சினால் உள்பக்கமாக மடித்துவிடு. முளை அடிக்கும்போது அதன் தலை கூடாரத்துக்கு எதிர்ப்பக்கம் சாய வேண்டும். அங்கே மண் கொஞ்சம்தான், கீழே பாறை; கூடாரத்தோடு வரும் மெல்லிய அலுமினிய முளை முதல் அடியிலேயே வளையும். 10 இரும்பு முளையும் ஒரு சுத்தியலும் தனியாகக் கொண்டு போ. இறங்காத இடத்தில் கயிற்றைப் பெரிய கல்லில் கட்டு. மழைக்கூரை உள்துணியில் எங்கும் ஒட்டாமல் இழுபட்டு நிற்க வேண்டும். ஒட்டினால் மழையே இல்லாவிட்டாலும் மூச்சின் ஈரம் குளிர்ந்து விடியற்காலை முகத்தில் சொட்டும். குளிருக்கு அஞ்சி மேல் வலைகளை மூடுகிறவர்களுக்குத்தான் போர்வை நனையும். திறந்து வை.

காற்று மெத்தையில் மூன்று கம்பளி போர்த்தும் ஏன் நடுங்குகிறார்கள்? மெத்தைக்குள் இருக்கும் காற்று அசைந்து அசைந்து உடம்புச் சூட்டை நிலத்துக்குக் கடத்துகிறது. மேலே எத்தனை போர்த்தாலும் கீழே திறந்த கதவு. ஓகஸ்டிலும் இரவு 10 பாகைக்குக் கீழே இறங்கும். மெத்தைக்கு மேலே, உடம்புக்குக் கீழே, நுரைப்பாயோ தடித்த கம்பளியோ விரி. தூக்கப் பையில் போட்டிருக்கும் 0 பாகை பல நேரம் தாங்கக்கூடிய எல்லை, சுகமாகத் தூங்கும் எல்லை அல்ல. எதிர்பார்க்கும் குளிரை விட 5 பாகை குறைவாகப் போட்டிருக்கும் பையை வாங்கு. ஆளுக்கு ஒரு சோடிக் கம்பளிக் காலுறையைப் படுக்கைக்கென்றே ஒதுக்கி வை, பகலில் போட விடாதே. பருத்தி ஜீன்ஸ் நனைந்தால் அங்கே காயாது. அம்மாவுக்குப் படுக்குமுன் சுடுதண்ணீர்ப் போத்தல் ஒன்றைத் துணியில் சுற்றிக் கால்மாட்டில் வை.

கூடாரத்தை விட முக்கியமாக நான் நினைப்பது தறப்பாள். 3க்கு 4 மீற்றரில் ஒன்று, சமையல் மேசைக்கு மேலே. இரண்டு மரத்துக்கு நடுவே கயிறு இழுத்து அதன் மேல் போட்டு, ஒரு மூலையை மட்டும் மற்றவற்றை விட இரண்டு முழம் பதித்துக் கட்டு. தண்ணீர் அந்த மூலையால் இறங்கும். நாலு மூலையையும் ஒரே உயரத்தில் கட்டினால் நடுவில் குடம் குடமாகத் தேங்கி இரவில் அறுந்து விழும். விறகு நெருப்புக்கு மேலே மட்டும் கட்டாதே.

விறகு வீட்டிலிருந்து கொண்டு போகக் கூடாது. மரங்களைக் கொல்லும் வண்டு விறகோடு பயணம் செய்கிறது. முகாமைச் சுற்றியுள்ள காட்டிலும் பொறுக்கக் கூடாது. அங்கேயே பை விற்பார்கள், ஓர் இரவுக்கு இரண்டு பை. பச்சையாக இருந்தால் பெருவிரல் தடிப்புக்குப் பிளந்து தொடங்கு. சின்னக் கைக்கோடரி போதும். நெருப்புத் தடை அறிவித்திருந்தால் காஸ் அடுப்புத்தான். 465 கிராம் பச்சைச் சிலிண்டர் ஓர் அடுப்பை முழு வேகத்தில் ஏறக்குறைய 2 மணித்தியாலம் எரிக்கும். உங்கள் தேத்தண்ணிக் கணக்குக்கு 3 கொண்டு போ. மழை என்று அடுப்பைக் கூடாரத்துக்குள் ஏற்றாதே. நஞ்சுவாயுவுக்கு மணம் கிடையாது.

சாப்பாட்டை அங்கே போய் வெட்டிக் கழுவிச் சமைப்பது வீண்வேலை. கோழிக் கறியையும் பருப்பையும் வீட்டில் சமைத்து, பூட்டுப் பைகளில் தட்டையாகப் போட்டு உறையவை, அதுவே ஐஸ். கூடவே 4 லீற்றர்ப் போத்தலில் உறைந்த தண்ணீர் இரண்டு. கடை ஐஸ்கட்டி ஒரு நாளில் உருகும், இது மூன்று நாள் இழுக்கும், உருகியதைக் குடிக்கவும் செய்யலாம். குடிபானத்துக்கு வேறு பெட்டி. பிள்ளைகள் ஜூஸுக்குத் திறந்து மூடும் பெட்டியில் இறைச்சி வைத்தால் கெட்டுப்போகும். பாண், சீனிச்சம்பல், கட்டாச் சம்பல் காலைக்குப் போதும். கருவாடு பொரிக்கும் யோசனையை மட்டும் விட்டுவிடு. அந்த மணம் துணியிலும் தறப்பாளிலும் ஏறி மூன்று நாளும் போகாது.

இங்கேதான் கரடி. அங்கிருப்பது கறுங்கரடி, அது மணத்துக்கு வரும், ஆளுக்கு வருவது மிக அரிது. சாப்பாடு, ஐஸ்பெட்டி, பற்பசை, அம்மாவின் நல்லெண்ணெய்ப் போத்தல், குப்பைப் பை, கழுவாத சட்டி எல்லாம் படுக்குமுன் காருக்குள் போய்க் கண்ணாடி மூடப்பட வேண்டும். கூடாரத்துக்குள் பிஸ்கட் கூட இல்லை. ஐஸ்பெட்டியை மேசைக்குக் கீழே தள்ளிவிட்டுப் படுப்பதுதான் வழக்கமான பிழை. சோறு வடித்த தண்ணீரைப் பற்றைக்குள் ஊற்றுவது அடுத்தது. கண்டால் ஓடாதே, மரத்தில் ஏறாதே. பிள்ளைகளை அணைத்துக்கொண்டு, உரத்துப் பேசியபடி பின்னோக்கி நட. இதை விட அடிக்கடி உன் பாணைத் தூக்கப் போவது கோடுபோட்ட சின்ன அணில்தான்.

உடம்பில் பூசும் பூச்சி விரட்டியில் டீட் என்ற மருந்து 30 வீதம் பெரியவர்களுக்கு. 2 வயதிலிருந்து 12 வயது மட்டும் 10 வீதத்துக்கு மேல் வேண்டாம். 6 மாதம் தாண்டிய பிள்ளைகளுக்கு இக்காரிடின் என்ற மற்ற மருந்தை 20 வீதத்தில் போடலாம். டீட் மூக்குக்கண்ணாடி, கைக்கடிகாரம் போன்றவற்றின் பிளாஸ்டிக்கைக் கரைக்கும், கையைத் துடைத்துவிட்டுத் தொடு. நுளம்புச்சுருள் திறந்த காட்டில் வெறும் புகை.

ஏரிக்கரைகளில் உயிர்காப்பாளர் கிடையாது. பிள்ளைகள் தண்ணீருக்குள் நிற்கும்போது ஒரு பெரியவர் கைபேசி இல்லாமல் கரையில் நிற்க வேண்டும். கனூ என்கிற துடுப்புப் படகு எடுக்கப் போவதானால் 14ஆம் கிலோமீற்றரில் கனூ லேக். காலை 9க்கு முன் இறங்கு, பகலில் காற்று எழும்பும். ஒப்பியொங்கோ பூங்காவின் ஆகப் பெரிய ஏரி. காற்றடித்தால் புதியவர்களுக்குச் சரிவராது. மிதவை அங்கி ஆளுக்கொன்று படகில் இருக்க வேண்டும் என்பது சட்டம். உடம்பில் இருக்க வேண்டும் என்பது உன் சட்டமாக இருக்கட்டும். கவிழ்ந்தால் கரைக்கு நீந்தாமல் படகைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஓவியர் டொம் தொம்சன் 1917இல் இறந்தது கனூ லேக்கில்தான். அவர் பெயரிலான கற்குவியலுக்குக் கனூவில்தான் போகலாம்.

அம்மாவோடு நடக்க 42.5இல் ஸ்ப்றூஸ் பொக் பலகைப்பாதை, 1.5 கிலோமீற்றர், ஏற்றம் குறைவு. மியூ லேக்கிலிருந்து பொக் லேக் பக்கம் போகும் பழைய ரயில்தடமும் மட்டமானது. ரயில் ஏற வெட்டிய பாதை என்பதால் சைக்கிளுக்கும் லேசு. 2.1 கிலோமீற்றர் லுக்கவுட் பாதை சின்னதுதான், ஆனால் உச்சியில் தடுப்பு இல்லாத பாறை விளிம்பு. சின்னவனைக் கையில் பிடி.

திரும்பும் நாளில் 2 மணிக்குள் இடத்தை விட வேண்டும். கூடாரத்தை ஈரத்தோடு சுருட்ட நேர்ந்தால் மழைக்கூரையை மட்டும் குப்பைப் பையில் தனியாகக் கட்டு. வீட்டுக்கு வந்த அன்றே கராஜில் எல்லாவற்றையும் விரித்துப் போடு. இரண்டு நாள் பைக்குள் கிடந்தால் பூஞ்சணம் பிடித்து, அந்த மணம் அடுத்த ஓகஸ்டிலும் இருக்கும்.

அன்புடன்,
அக்கா