ரோட்டரி எஞ்சினை மாற்றும் முன் அளந்து பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாஸ்டா ஆர்எக்ஸ்-7, ஆர்எக்ஸ்-8 கார்களைப் பற்றித் தங்கள் வாகனப் பக்கத்தில் வந்த கட்டுரை, 'ரோட்டரி எஞ்சின் எப்படியும் போய்விடும், பேசாமல் வி8 மாட்டிவிடுங்கள்' என்கிற தொனியில் முடிந்திருந்தது. ரோட்டரி என்றால், பிஸ்டனுக்குப் பதில் ஹவுசிங் என்கிற கூட்டுக்குள் முக்கோண ரோட்டர் சுற்றும் எஞ்சின்; இந்தக் கார்களில் இரண்டு ரோட்டர். வி8 என்பது எட்டு சிலிண்டர் பிஸ்டன் எஞ்சின். ரோட்டரி போய்விடும் என்பது பாதி உண்மை. எதனால் போகிறது என்பதைக் கட்டுரை தொடவே இல்லை. பெரும்பாலும் முதலில் கெடுவது பிளக்குக்கு மின்சாரம் தரும் காயிலோ, ரேடியேட்டரோ, எண்ணெய் வரத்தோதான். கெட்ட பெயர் மட்டும் எஞ்சினுக்கு.

முதலில் கம்ப்ரெஷன், அதாவது எஞ்சினுக்குள் காற்றை அழுத்தும் திறன். பிஸ்டன் எஞ்சினுக்கு வைத்திருக்கும் கேஜையே ரோட்டரியிலும் மாட்டி 'நன்றாகத்தான் இருக்கிறது' என்று சொல்லிவிடும் ஒர்க்‌ஷாப்புகள் உண்டு. முக்கோண ரோட்டருக்கு மூன்று முகம். மூன்றும் ஒரே பிளக் துளையைத்தான் கடந்து போகின்றன. கேஜில் உள்ள ஒருவழி வால்வு, மூன்றில் எது அதிகமோ அதை மட்டும் பிடித்து வைத்துக்கொள்ளும். மற்ற இரண்டும் செத்துக் கிடந்தாலும் முள் காட்டிக்கொடுக்காது. ரோட்டரிக்கென்றே உள்ள டெஸ்டர்தான் மூன்றையும் தனித்தனியாகக் காட்டும். அது கிடைக்காவிட்டால் கேஜின் வால்வு ஊசியைக் கழற்றிவிட்டு, செல்ஃப் அடித்து, முள் துள்ளுவதைக் கைபேசியில் படம்பிடித்து மெதுவாக ஓட்டிப் பார்க்கலாம். எண் துல்லியமாக வராது. மூன்று துள்ளலும் ஒரே உயரம்தானா என்பது தெரிந்துவிடும்.

ஆர்எக்ஸ்-8-ல் எஞ்சின் சூடாக இருக்கும்போது, 250 ஆர்பிஎம்மில் 830 கிலோபாஸ்கல் வர வேண்டும். 680-க்குக் கீழே போனால் எஞ்சினை இறக்க வேண்டியதுதான். ஒரே ரோட்டரின் முகங்களுக்குள் வித்தியாசம் 150-ஐயும், இரண்டு ரோட்டர்களுக்கு இடையே 100-ஐயும் தாண்டக் கூடாது. செல்ஃப் மெதுவாகச் சுற்றினால் அளவும் குறையும். அதனால் ஆர்பிஎம் குறிக்காத ரிப்போர்ட்டை நம்பாதீர்கள். இரண்டு முகம் விழுந்து ஒன்று நிற்கிறது என்றால், விழுந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் ஆப்பெக்ஸ் சீலை, அதாவது ரோட்டரின் முனையில் இருக்கும் அடைப்புப் பட்டையைச் சந்தேகிக்கலாம். ஒன்று மட்டும் விழுந்திருந்தால் ரோட்டரின் பக்கவாட்டில் இருக்கும் சைடு சீல் அல்லது மூலையில் இருக்கும் கார்னர் சீல். மூன்றும் சமமாகக் குறைந்திருந்தால் அவசரப்பட வேண்டாம், உள்ளே பெட்ரோல் தேங்கி எண்ணெய்ப் படலத்தைக் கழுவியிருக்கலாம்.

ஆர்எக்ஸ்-8 எஞ்சின்கள் சாகும் வழி பல நேரம் இக்னிஷன் காயிலில் தொடங்குகிறது. பிளக் நான்கு, காயில் நான்கு. காயில் தளர்ந்தால் எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் எரிகிறது. கன்வெர்ட்டரின் தேன்கூடு உருகி அடைத்துக்கொள்கிறது. வெளியேற முடியாத சூடு திரும்பி எஞ்சினுக்குள்ளேயே நிற்கிறது. இந்த எஞ்சினில் எக்சாஸ்ட் துளைகள் பக்கவாட்டுத் தகட்டில் இருப்பதால் அந்தச் சூட்டை நேராக வாங்குபவை சைடு சீல்கள். 50,000 கிலோமீட்டர் ஆகிவிட்டால் காயில், ஒயர், பிளக் மூன்றையும் ஒரே தடவையில் மாற்றிவிடுவது நல்லது. பிளக்கில் கீழ்வரிசை லீடிங் (முந்திப் பொறி விடுவது), மேல்வரிசை டிரெயிலிங் (பிந்தி விடுவது). இரண்டும் ஒன்றல்ல, இடம் மாறக் கூடாது.

காரை ஷெட்டிலிருந்து பத்தடி நகர்த்தி உடனே அணைப்பதுதான் ரோட்டரிக்குச் செய்யும் பெரிய கெடுதல். குளிர்ந்த எஞ்சினுக்குப் பெட்ரோல் தாராளமாக இறங்கியிருக்கும். எரிவதற்குள் நிறுத்திவிட்டால் அது சீல்களைக் கழுவிவிடும். ஸ்டார்ட் செய்தால் சூட்டு முள் ஏறும் வரை ஓட விட வேண்டும். பெட்ரோல் தேங்கிவிட்டால் ஆர்எக்ஸ்-8-ல் ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்துக்கொண்டு பத்து விநாடி செல்ஃப் அடிக்கலாம், அப்போது இஞ்செக்டர் நின்றுவிடும். அதற்கும் மசியவில்லை என்றால் பெட்ரோல் பம்ப் ஃப்யூஸையும் இக்னிஷன் இணைப்பையும் பிடுங்கி, லீடிங் பிளக்குகளைக் கழற்றிச் சுற்றவிட்டு, துளையில் 5 முதல் 10 மில்லி எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி சுற்றினால் சீல் பிடித்துக்கொள்ளும். பேட்டரியும் செல்ஃப் மோட்டாரும் நல்ல பலத்தோடு இருக்க வேண்டும்.

ஆயில் குறைவதைக் குறையாகச் சொல்கிறார்கள். ஆப்பெக்ஸ் சீலுக்கு எண்ணெய் போட மீட்டரிங் பம்ப் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விட்டு எரிப்பதுதான் அந்த எஞ்சினின் அமைப்பு. குறையவே இல்லை என்றால்தான் கவலைப்பட வேண்டும், நாசில் அடைத்திருக்கும். 2009-ல் வந்த ஆர்எக்ஸ்-8-ல் ஒரு ஹவுசிங்குக்கு மூன்று நாசில் வைத்ததே முந்தையதில் இருந்த இரண்டு போதாமல்தான். இரண்டு தடவை பெட்ரோல் போட்டால் ஒரு தடவை டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். பெட்ரோலோடு லிட்டருக்கு 5 மில்லி நல்ல டூ-ஸ்ட்ரோக் ஆயில் கலப்பது கூடுதல் காப்பு. 50 லிட்டர் டேங்குக்கு 250 மில்லி. முதலில் ஆயில், பிறகு பெட்ரோல். மீட்டரிங் பம்பையே கழற்றிவிட்ட எஞ்சினுக்கு இதைப்போல் இரண்டு மடங்கு வேண்டும்.

சூடு ஏறுவதில் இந்த எஞ்சினுக்கு மன்னிப்பே கிடையாது. இரும்புத் தகடு, அலுமினிய ஹவுசிங், இரும்பு, அலுமினியம், இரும்பு என்று ஐந்து அடுக்கை நீண்ட போல்ட்டுகள் பிடித்துக்கொண்டிருக்கின்றன. இரண்டு உலோகமும் ஒரே அளவில் விரிவதில்லை. நடுவில் இருக்கும் கூலன்ட் சீல் ஒருமுறை வெந்துவிட்டால் போயிற்று. காலையில் ஒரு ரோட்டரில் மட்டும் இடித்துக்கொண்டு ஸ்டார்ட் ஆகி, வெள்ளைப்புகை விட்டு, பிறகு சரியாவது இதன் அடையாளம். மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்தால் கூலன்டில் குமிழி வரும். டாஷ்போர்டு முள்ளை நம்ப முடியாது. எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகும் வரை அது நடுவிலேயே நிற்கும். தனியாக ஒரு டெம்பரேச்சர் கேஜ் போட்டுக்கொள்ளுங்கள். 1991-க்குப் பிந்தைய ஆர்எக்ஸ்-7 என்றால் காற்றுப் பிரிக்கும் பிளாஸ்டிக் டேங்கை விரிசல் விடும் முன்பே அலுமினியத்துக்கு மாற்றுங்கள். அதே காருக்கு அகலமான எக்சாஸ்ட் மட்டும் மாட்டி, பெட்ரோல் அளவைத் தொடாமல் விட்டால் டர்போ பூஸ்ட் தானாக ஏறி, கலவை வறண்டு, டெட்டனேஷனில் (கலவை தாறுமாறாக வெடிப்பதில்) ஆப்பெக்ஸ் சீல் உடையும். உடைந்த துண்டு வெளியேறும் வழியில் டர்போ சக்கரத்தையும் கடித்துவிட்டுப் போகும்.

பிரித்தாயிற்று என்றால் கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஆர்எக்ஸ்-7-ன் 13பி டர்போ எஞ்சினில் புது ஆப்பெக்ஸ் சீலின் உயரம் 8 மில்லிமீட்டர், 6.5-க்குக் கீழே போனதைத் திரும்பப் போடக் கூடாது. சைடு சீலின் நுனியை அரத்தால் தேய்த்து, அதற்கும் கார்னர் சீலுக்கும் நடுவில் 0.05 முதல் 0.15 மில்லிமீட்டர் இடைவெளி விட வேண்டும். அதிகம் தேய்த்தால் அந்தச் சீல் குப்பைக்கு. ஹவுசிங்கில் குரோம் பூச்சு உரிந்திருந்தால் புது சீல் போட்டும் பயனில்லை.

கோர்க்கும்போது பலர் கோட்டைவிடும் இடம் முன்பக்கத்து ஊசி பேரிங். முன் போல்ட்டை இறுக்கும் முன் ஷாஃப்ட் (ரோட்டர்கள் சுழற்றும் மைய அச்சு) சற்று நகர்ந்தாலும் அது நழுவி, தகட்டுக்கும் ஸ்பேசருக்கும் இடையில் ஓரமாக மாட்டிக்கொள்ளும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. எஞ்சினை முன்பக்கம் மேலே பார்க்க நிமிர்த்தி வைத்து, பேரிங்கை வாஸ்லினில் ஒட்டி உட்கார வைத்து இறுக்கிய பிறகு, ஷாஃப்ட்டின் முன்பின் ஆட்டத்தை டயல் கேஜில் பாருங்கள். 0.04 முதல் 0.07 மில்லிமீட்டர் வர வேண்டும். முள் அசையவே இல்லையென்றால் பேரிங் நசுங்கிக்கொண்டிருக்கிறது, திரும்பக் கழற்றுங்கள். எஞ்சின் காரில் இருக்கும்போது முன் போல்ட்டைக் கழற்றினால் கிளச் பெடலை யாரும் மிதிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், மிதித்தால் ஷாஃப்ட் நகரும்.

இவ்வளவுக்குப் பிறகும் மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், பழைய ரோட்டரியை வாங்கும்போது ஆர்எக்ஸ்-7 எஞ்சினில் எக்சாஸ்ட் துளை வழியாகவே ஆப்பெக்ஸ் சீலைப் பார்க்கலாம். ஷாஃப்ட்டைக் கையால் சுற்றி ஒவ்வொரு சீலையும் மெல்லிய மரக்குச்சியால் அழுத்துங்கள். ஸ்பிரிங் தள்ளி மீண்டும் எழ வேண்டும். ஆர்எக்ஸ்-8 எஞ்சினில் அந்த வசதி இல்லை, டெஸ்டர் ரிப்போர்ட் இல்லாமல் காசைக் கொடுக்காதீர்கள்.

வி8 விஷயத்தில் எடை பெரிய தடை இல்லை. எல்எஸ்1 என்கிற அலுமினிய வி8, இரட்டை டர்போ மாட்டிய 13பி-யைவிட மிக அதிகமாக ஒன்றும் கனக்காது. செலவு எஞ்சினுக்கு வெளியே இருக்கிறது. 1991-க்குப் பிந்தைய ஆர்எக்ஸ்-7-ல் கியர் பாக்ஸையும் டிஃபரென்ஷியலையும் ஒரு நீண்ட சட்டம் இணைத்துப் பிடித்திருக்கும். வி8-உடன் சேர்த்து மாட்டும் டி56 கியர் பாக்ஸ் வந்தால் அந்தச் சட்டம் போய்விடும், டிஃபரென்ஷியலுக்குத் தனி மவுண்ட் கட்டியாக வேண்டும். முன் சப்ஃபிரேம், ஆயில் பான், புரொப்பெல்லர் ஷாஃப்ட், ரேடியேட்டர், பெட்ரோல் பம்ப், ஒயரிங் எல்லாம் மாறும். ஆர்எக்ஸ்-8-ல் கூடுதலாக ஒரு சிக்கல்: மீட்டர் பலகையும் மின்சார பவர் ஸ்டியரிங்கும் எஞ்சின் கம்ப்யூட்டரிடமிருந்து கேன் (CAN) என்கிற தகவல் இணைப்பு வழியாகச் செய்தி எதிர்பார்க்கும். அந்தச் செய்தியைப் போலியாக அனுப்ப ஒரு பெட்டி வைக்காவிட்டால், எவ்வளவு பெரிய எஞ்சின் உறுமினாலும் ஸ்டியரிங் கல்லாக இறுகி நிற்கும்.

இப்படிக்கு,
ரோட்டரி எஞ்சின் வேலை தெரிந்த வாசகன்